ரன் என்ற ஒரு சொல்லு, அதுக்குள்ள எத்தனை ஓட்டம்: தொடக்கத்தில இருந்து முழு வழிகாட்டி

இங்லிஷ் கதைக்கப் பழகோணும் என்டு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஸ்போக்கன் கிளாஸுக்குப் போற ஆக்கள்ட கொப்பிய எடுத்துப் பாத்தா இடது பக்கம் ஒரு சொல்லு, வலது பக்கம் தமிழ்ல ஒரு கருத்து, நடுவில ஒரு கோடு. ரன் என்டா ஓடு. முடிஞ்சுது, அடுத்த சொல்லு. பிறகு ஒபிஸ்ல ஒராள் வந்து "வீ ஆர் ரன்னிங் லோ ஒன் பேப்பர்" என்டு சொன்னா பேப்பர் எங்க ஓடுது, அது ஏன் பதிஞ்சு ஓடுது என்டு முழிச்சுக்கொண்டு நிக்க வேண்டியதுதான்.

ஒக்ஸ்ஃபோர்ட் இங்லிஷ் டிக்ஷனரியின்ட 1989ம் ஆண்டுப் பதிப்பில ஆகக்கூடின இடத்தப் பிடிச்சுக்கொண்டு இருந்தது செட் என்ற சொல்லு, வினைச்சொல்லா மட்டும் 430 கருத்து. பிறகு அடுத்த பதிப்புக்கு வேலை செய்யேக்க ரன் அதையும் தாண்டிட்டுது, வினைச்சொல்லா மட்டும் 645. பயப்பட வேணாம், அதுக்குள்ள இப்ப ஒருத்தரும் பாவிக்காத பழசுகளும் சேர்த்தி, ஒபிஸ், பஸ், கிரிக்கெட், நியூஸ் என்டு நாங்க நாளாந்தம் முட்டுப்படுறது ஒரு முப்பது நாப்பதுக்குள்ளதான் வரும் என்டு நான் நினைக்கிறன்.

எல்லாத்தையும் இதில எழுதித் தள்ளப் போறதில்ல, அதுக்குத்தான் டிக்ஷனரி இருக்கே. ஒரு வசனத்தில ரன் வந்தா அது எந்த ரன் என்டு நீங்களே கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு, அதோட அந்த இடத்தில வேற என்ன சொல்லுப் போடலாம், எதப் போட்டா பிழைக்கும், அதுதான் விஷயம். முதல் படிய விட்டுட்டுப் பாஞ்சு போகாதீங்க, மிச்சம் எல்லாம் அதிலதான் நிக்குது.

படி 1: முதல்ல தமிழ்ல ஓடிப் பாருங்க

தமிழ்ல ஓடு என்ற சொல்ல நாங்க எப்பிடிப் பாவிக்கிறம்? ஆள் ஓடுறார், பஸ் ஓடுது, தண்ணி ஓடுது, மணிக்கூடு ஓடுது, படம் தியேட்டர்ல ஓடுது, கடை நல்லா ஓடுது, த்ரீவீல்ல மீட்டர் ஓடுது, காலம் ஓடுது, யோசிச்சு யோசிச்சும் ஒன்டுமே ஓடுதில்ல. வயித்தோட்டமும் இதுக்குள்ளதான், இங்லிஷ்லயும் பேச்சுவழக்கில அதுக்கு "தி ரன்ஸ்" என்டுதான் பேர், ஒபிஸுக்கு லீவு கேக்கேக்க மட்டும் அந்தச் சொல்லப் பாவிக்க வேணாம். இவ்வளவு ஒத்துப்போகேக்க ரன் என்டா ஓடு என்டு எழுதினதில பிழை இல்ல, அந்த ஓடுக்குள்ள காலால ஓடுறத மட்டும் நினைச்சாத்தான் பிழை.

பழைய இங்லிஷ்ல இது ரின்னன், இர்னன் என்ற மாதிரி உருவத்தில இருந்தது, ஆள் ஓடுறதுக்கும் ஆறு ஓடுறதுக்கும் அப்பவே அதே சொல்லுத்தான். அதால தண்ணி ஓடுறது பிறகு வந்து ஒட்டின கருத்து இல்ல, அடியில இருந்தே உள்ளது. நிக்காம, ஒரு வழியில, தொடர்ந்து போறது, இதத்தான் மனசில வச்சுக்கொள்ளோணும். மெஷின் வந்த காலத்தில இந்தக் கருத்து அப்பிடியே அதுகளுக்கும் போயிட்டுது. 1864 டிசம்பர் 27ம் திகதி கொழும்பில இருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் போகேக்க ரயிலுக்குக் காலா இருந்தது, ஆனா இங்லிஷ்காரனும் ஓடுது என்டான், நாங்களும் ஓடுது என்டம்.

படி 2: ஓடுறது யார் என்டு கேளுங்க

வசனத்தில ரன்னுக்கு முன்னால இருக்கிறது ஆளா, தண்ணியா, மெஷினா, றோட்டா, காலமா என்டு பாத்தாலே பாதி வேலை முடிஞ்சிரும்.

ஆள் என்டா கால் ஓட்டம். இதுக்கு ஒத்த சொல்லு நிறைய இருக்கு, ஆனா ஒன்டும் ஒரே அளவில்ல. காலி முகத்திடல்ல பின்னேரம் மெதுவா ஓடுறவங்க செய்யுறது ஜொக், வேர்க்க வேர்க்க நூறு மீட்டர் பறக்கிறது ஸ்ப்ரின்ட், மழை பிடிக்க முதல் கடைத் தாழ்வாரத்துக்குப் பாயுறது டேஷ், பிடிபடப் போறான் என்டு தெரிஞ்சு கள்ளன் திடீரென்டு எடுக்கிற ஓட்டம் போல்ட். ஃப்ளீ என்டா ஆபத்தில இருந்து தப்பி ஓடுறது, அதுக்குக் காலால ஓடவே தேவையில்ல, ப்ளேன்ல போனாலும் ஃப்ளீதான்.

தண்ணி மாதிரி வழியிறது என்டா ஃப்ளோ. களனி கங்கை கடலுக்கு ஓடுது என்டுறதுக்கு ரன்னும் சரி, ஃப்ளோவும் சரி. பைப் திறந்தபடி கிடந்தா "தி டெப் இஸ் ரன்னிங்", அதில ஃப்ளோ போட ஏலாது, ஃப்ளோ பண்ணுறது தண்ணி, பைப் இல்ல. மூக்கு வடியிறதுக்கும் ரன்னிங் மட்டும்தான், ஃப்ளோயிங் நோஸ் என்டு டொக்டரிட்டச் சொன்னா விளங்கும், ஆனா சிரிப்பார். சாயம் போறதும் ரன்தான். இதக் கொஞ்சம் கவனமாப் பாருங்க, பத்திக் சாரியத் தோய்க்கேக்க சிவப்பு இறங்கி வெள்ளையில ஒட்டினா "தி கலர் ரேன்", அதுக்கு ஒத்த சொல்லு ப்ளீட். வெயில்ல காயப்போட்டுக் காயப்போட்டு நிறம் மங்கினா அது ஃபேட். கடையில போய் முறைப்பாடு சொல்லேக்க இந்த ரெண்டையும் மாத்திச் சொன்னா அவங்க வேற கதை சொல்லி அனுப்பிருவாங்க.

மெஷின் என்டா வேர்க், ஒப்பரேட், ஃபங்ஷன். இதில ரன் என்டா அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கு என்டு அர்த்தம், வேர்க் என்டா பழுதில்லாம இருக்கு என்டு. ஜெனரேட்டர் வேர்க் பண்ணும், ஆனா கரன்ட் இருக்கிற நேரம் அது ரன் பண்ணாது. எதில ஓடுது என்டு சொல்ல ஒன்: "ரன்ஸ் ஒன் டீசல்".

பஸ், ரயில் என்டா சேவை. 100 பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையில ஓடுது, 138 மகரகமைப் பக்கம் ஓடுது. இதுக்குப் பேப்பர்ல ப்ளை என்டு ஒரு சொல்லுப் போடுவாங்க, எங்கட பக்கத்து இங்லிஷ் பேப்பர்காரங்களுக்கு அதில ஒரு தனி விருப்பம், கதைக்கேக்க ஒருத்தரும் சொல்றதில்ல. றோட்டு, தண்டவாளம் என்டா அது அசையாது, நீண்டு கிடக்குது, அதுக்கும் ரன்தான்: காலி வீதி கடலோரமா ஓடுது, கரையோர ரயில் பாதை மாத்தறையோட நின்டு 2019ல இருந்து பெலியத்த வரைக்கும் ஓடுது. ஒத்த சொல்லு எக்ஸ்டென்ட், ஸ்ட்ரெச்.

காலம் என்டா லாஸ்ட், கன்டினியூ. படம் நூறு நாள் ஓடுது, வீட்டு அக்ரிமென்ட் ஒரு வருஷத்துக்கு ஓடுது. வீரகேசரி 1930ல இருந்து ஓடுது என்டு சொன்னா அது இந்த ரன், அதே வீரகேசரி ஒரு செய்திய ரன் பண்ணினது என்டு சொன்னா அது பப்ளிஷ், கெரி. பேப்பர் ஒன்டுதான், கருத்து ரெண்டு. இந்த இடத்திலதான் அடுத்த படி தேவைப்படுது.

அதுக்கு முதல் ரெண்டு விஷயம். ரன்னுக்குப் பின்னால ஒரு தன்மைச் சொல்லு வந்தா ஆகிப்போறது என்டு கருத்து, கூடுதலா விருப்பமில்லாத பக்கமாத்தான் ஆகும்: ரன் ட்ரை, ரன் லோ, ரன் ஷோர்ட், ரன் லேட், ரன் வைல்ட். ரன் ஃபுல் என்டு ஒன்டு கிடையாது. பேப்பர் லோவா ஓடின மர்மம் இதுதான், பேப்பர் முடியப் போகுது. மற்றது, பரம்பரையா வாற வருத்தம், "டயபிட்டீஸ் ரன்ஸ் இன் அவர் ஃபேமிலி". இதுக்கு ரன்னிங் போடக் கூடாது, எப்பவும் ரன்ஸ்தான், இன்டைக்கு ஓடி நாளைக்கு நிக்கிற விஷயம் இல்லையே. வருத்தத்தின்ட பேருக்குப் பக்கத்தில போட ஹெரிடிட்டரி நல்ல சொல்லு.

படி 3: தானா ஓடுதா, யாரும் ஓட்டுறாங்களா

தமிழ்ல ஓடு வேற, ஓட்டு வேற. பஸ் ஓடுது, ட்ரைவர் பஸ் ஓட்டுறார். பள்ளிக்கூடத்தில தன்வினை பிறவினை என்டு படிச்சிருப்பீங்க. இங்லிஷ்ல ரன்னுக்கு அந்த வித்தியாசமே இல்ல, ரெண்டுக்கும் ஒரே உருவம், பின்னால ஒரு பொருள் வருதா என்டு பாத்துத்தான் பிடிக்கோணும். "தி ஷொப் ரன்ஸ் வெல்" என்டா கடை ஓடுது, "ஷீ ரன்ஸ் தி ஷொப்" என்டா அவ கடைய நடத்துறா.

இந்த நடத்துறதுக்குத்தான் ஆகக்கூடின ஒத்த சொல்லுகள், ஆகக்கூடின குழப்பமும் இங்கதான். ரன் என்டா அன்டாடம் முடிவெடுத்துக் கொண்டுபோறவர். ஓன் என்டா காசு போட்ட சொந்தக்காரர், மாமாட பேர்ல கடை இருக்கும், ரன் பண்ணுறது மாமியா இருக்கும், எங்கட ஆக்கள்ட கடைகள்ல இதுதான் வழக்கம். மனேஜ் என்டா முகாமை செய்யுறது, மேல வேற முதலாளி இருக்கலாம். அதுக்குச் சமாளிக்கிறது என்டு இன்னொரு கருத்தும் இருக்கிறதால "ஐ மனேஜ் தி ஷொப்" சரி, "ஐ மனேஜ்" என்டு மொட்டையா நிப்பாட்டினா ஏதோ கஷ்டத்தில தட்டுத்தடுமாறிப் போகுது என்டு கேக்கிறவருக்குப் படும். ஒப்பரேட் பஸ் சேவை, ஃபெக்டரி மாதிரி மெஷினும் ஒழுங்கும் உள்ளதுக்கு நல்லா இருக்கும், டொக்டர் ஒப்பரேட் பண்ணினா அது சத்திரசிகிச்சை. கொன்டக்ட் ஒரு தரம் நடத்தி முடிக்கிறதுக்கு, இன்டர்வியூ, சேர்வே, பரீட்சை. கிளாஸுக்கு ரன்னும் கொன்டக்டும் போகும், ஆனா கடைய கொன்டக்ட் பண்ண ஏலாது. ஓர்கனைஸ் என்டா ஏற்பாடு செய்யுறதோட அதின்ட வேலை முடிஞ்சுது. ஹெட் என்டா தலைமை. அட்மினிஸ்டர் அரசாங்க வேலைக்கும் மருந்து குடுக்கிறதுக்கும், பெட்டிக்கடைக்குப் போட்டா கடைக்கு டை கட்டின மாதிரி இருக்கும்.

கம்ப்யூட்டர்ல ப்ரோக்ராம் ஓட்டுறதும் ரன்தான், பெரிய சொல்லு எக்ஸிகியூட். அத மனுசனுக்குப் பாவிச்சா மரண தண்டனை, அதால ஆள்ட பேரோட அந்தச் சொல்லச் சேர்க்காதீங்க.

தேர்தல் கொஞ்சம் வேற மாதிரி. அமெரிக்கன் "ரன் ஃபோர் ப்ரெசிடென்ட்" என்பான், பிரிட்டிஷ்காரன் ஸ்டேன்ட் என்பான், நாங்க கொன்டெஸ்ட் என்டு சொல்லுவம். மூன்டும் சரி, கொழும்பில எழுதிறது என்டா கொன்டெஸ்ட் போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

மிச்சம் எல்லாம் சோடி சோடியாப் பாடமாக்க வேண்டியது, காரணம் கேட்டுப் பிரயோசனம் இல்ல. ரன் எ ஃபீவர், காய்ச்சல் காயுது, ஹேவ் போடலாம். ரன் எ ரிஸ்க், டேக். ரன் எ டெஸ்ட், டூ, இல்லாட்டி கொன்டக்ட். ரன் என் எரன்ட், பில் கட்டுறது, சாமான் வாங்குறது மாதிரிச் சில்லறை அலுவலுக்கு வெளிய போய் வாறது, இதுக்கு நேரடியா ஒரு சொல்லு இல்ல. ரன் எ ரெட் லைட், எங்கட ஊர்ல ஜம்ப். ரன் கன்ஸ், ஸ்மகிள். "ஐல் ரன் யூ ஹோம்" என்டா வாகனத்தில வீட்ட கொண்டுபோய் விடுறன், இங்க ட்ரொப் என்டுதான் எல்லாரும் சொல்றது. ஹோமுக்குப் பதிலா ஓவர் என்டு வாய் தவறிச்சோ, ஆளுக்கு மேல வாகனத்த ஏத்துவன் என்டு அர்த்தம், பொலிஸ் கேஸ்.

படி 4: பின்னால தொங்குற குட்டிச் சொல்லப் பாருங்க

அவுட், இன்டு, ஓவர், டவுன், அப், த்ரூ, பை. ரன்னுக்குப் பின்னால இதில ஒன்டு வந்தா ரெண்டையும் சேர்த்து ஒரு சொல்லா எடுங்க, பிரிச்சுக் கருத்துப் பாத்தா சரிவராது.

ரன் அவுட் எங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லாத சொல்லு. 2022ல பெட்ரோல் க்யூவில நின்ட நாட்டில ரன் அவுட் என்டா என்ன என்டு கேக்கிற ஆள் இருக்க ஏலாது, பெட்ரோலப் பங்கிட்டுக் குடுக்க கியூஆர் கோட் வந்ததே அதாலதான். ஆனா வசனம் கட்டுறதில பிழை விடுறாங்க. ஆள் முன்னுக்கு வந்தா ஒஃப் வேணும்: "வீ ரேன் அவுட் ஒஃப் பெட்ரோல்". பொருள் முன்னுக்கு வந்தா ஒஃப் வேணாம்: "தி பெட்ரோல் ரேன் அவுட்". இங்க எல்லாரும் "பெட்ரோல் ஃபினிஷ்ட்" என்டு சொல்றது, வீட்டுக்க அது ஓடும், மெயில்ல எழுதாதீங்க. நாட்டின்ட டொலர் கையிருப்புப் பற்றி எழுதேக்க எக்ஸோஸ்ட், டிப்ளீட் மாதிரிப் பெரிய சொல்லுகள் பொருந்தும், வீட்டில சீனி முடிஞ்சதுக்கு அதப் போட்டா மத்திய வங்கி அறிக்கை மாதிரி இருக்கும். விசா, லைசன்ஸ், பாஸ்போர்ட் மாதிரித் திகதி உள்ளதுக்கு ரன் அவுட்டுக்கு ஒத்த சொல்லு எக்ஸ்பயர். சாப்பாட்டுச் சாமானுக்கு ரெண்டும் வேற வேற, ரன் அவுட் என்டா தீர்ந்துபோச்சு, எக்ஸ்பயர் என்டா இருக்கு, ஆனா காலம் கடந்துபோச்சு.

ரன் இன்டு மூன்டு விதம். பம்பலப்பிட்டியில பழைய கூட்டாளியத் தற்செயலாச் சந்திக்கிறது, மீட் பை சான்ஸ். கார் மதிலோட போய் இடிக்கிறது, கொலைட், ஹிட். செலவு லட்சக்கணக்கில போறது, "ரன்ஸ் இன்டு லேக்ஸ்". மூன்டையும் பிரிக்கிறது இன்டுவுக்குப் பின்னால வாற சொல்லுத்தான், ஆளா, மதிலா, தொகையா. காரில போற கதைக்கு நடுவில "ஐ ரேன் இன்டு மை டீச்சர்" என்டு சொல்லேக்க மட்டும் கவனம்.

ரன் ஓவர் ஆளுக்கு மேல ஏத்துறது, அதவிட மீட்டிங் நேரத்துக்கு முடியாம இழுபடுறதும் அதுதான், அதுக்கு ஓவர்ரன். ரன் டவுன் என்டா பெட்டரி இறங்குறது, ஒராளக் குறை சொல்லிச் சொல்லி மட்டந்தட்டுறதும். ஆள் ரன் டவுன் என்டா களைச்சு இருக்கிறார், கட்டடம் ரன் டவுன் என்டா பராமரிப்பில்லாமப் பாழடைஞ்சு இருக்கு. ரன் த்ரூ ஒருக்கா முழுசா ஓடிப் பாக்கிறது, ரிஹேர்ஸ். ரன் அப் எ பில், கணக்கு ஏத்தி வைக்கிறது. ஒபிஸ்ல ஆகப் பிரயோசனம் ரன் பை, "ரன் இட் பை மீ" என்டா செய்ய முதல் எனக்கு ஒருக்காக் காட்டுங்க என்டு, கொன்சல்ட் என்டதவிடச் சினேகமா இருக்கும்.

படி 5: பெயர்ச்சொல்லா வந்தா

இங்க கிரிக்கெட்ட விட்டுட்டுப் போக ஏலாது. எங்கட செய்தியில ஓட்டங்கள் என்டுதான் சொல்றது. 1997ல பிரேமதாச மைதானத்தில இலங்கை இந்தியாவுக்கு எதிரா 6 விக்கெட்டுக்கு 952 அடிச்சது, 2006ல எஸ்எஸ்சி மைதானத்தில சங்கக்காரவும் மஹேலவும் தென்னாபிரிக்காவுக்கு எதிரா ஒன்டா நின்டு 624 எடுத்தது, எல்லாமே ரன். அதில வேடிக்கை என்னென்டா பந்து எல்லைக் கோட்டத் தாண்டினா ஒருத்தரும் ஓடத் தேவையில்ல, ஓடாமலே நாலு ஓட்டம். கிரிக்கெட்ல ரன் அவுட் என்டா ஆட்டமிழப்பு, அதுக்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தம் இல்ல, ஆட்டமிழந்தவர முன்னுக்குப் போட்டா "ஹீ வோஸ் ரன் அவுட்" என்டு செயப்பாட்டு வினையில வரும். ரன்-அப் பந்து வீசுறவர் எடுக்கிற ஓட்டம், அதே சொல்லுத் தேர்தலுக்கு முந்தின நாட்களுக்கும் வரும்.

வங்கியில ரன் என்டா எல்லாரும் ஒரே நேரத்தில காச எடுக்க முண்டியடிக்கிறது, 2007ல இங்கிலாந்தில நோதர்ன் ரொக் வங்கிக்கு முன்னால ஆக்கள் வரிசையில நின்டது அதுக்கு நல்ல உதாரணம். ரன் ஒஃப் லக் என்டா தொடர் அதிர்ஷ்டம், ஸ்ட்ரீக். ட்ரயல் ரன், வெள்ளோட்டம், தமிழ்லயும் ஓட்டம்தான் பாருங்க. கோழிய அடைச்சு விடுற வேலிக்குள்ள இடமும் ரன். இன் தி லோங் ரன், நீண்ட காலத்தில பாத்தா. ரன்-ஒஃப்-தி-மில், வழமையான, விசேஷம் இல்லாத. ரன்-ஒன் சென்டன்ஸ் என்டா முற்றுப்புள்ளி போட வேண்டிய இடத்தில போடாம வசனத்தோட வசனம் ஒட்டிக்கொண்டு போறது, உதாரணம் தேடித் தூரப் போகத் தேவையில்ல, மேல ரெண்டு பந்திய வாசிச்சாப் போதும்.

படி 6: ஒத்த சொல்ல மாத்திப் போடுறது எப்பிடி

ஐஎல்டிஎஸ் என்ற இங்லிஷ் சோதனையில எழுதுறதுக்கும் கதைக்கிறதுக்கும் புள்ளி போடுற நாலு விஷயத்தில ஒன்டு சொல்வளம். அதுக்காக ரன் வாற இடமெல்லாம் தெசோரஸ் என்ற ஒத்த சொல்லுப் புத்தகத்தப் பாத்துப் பெரிய சொல்லா மாத்துறாங்க, இது எனக்குப் பிடிக்காத வேலை. ரொஜேயின்ட தெசோரஸ் 1852ல வந்தது, அருமையான சாமான், ஆனா அது ஒரே குடும்பத்துச் சொல்லுகள வரிசையா நிப்பாட்டிக் காட்டுமே தவிர எது எங்க போகும் என்டு சொல்லாது. மறந்த சொல்ல ஞாபகப்படுத்த அது, புதுசாப் படிக்க இல்ல.

இப்பிடிச் செய்யுங்க. முதல்ல படி 2, 3, 4ல வச்சு அது எந்த ரன் என்டு பிடியுங்க. பிறகு பழகுறவங்களுக்கென்டு செய்த டிக்ஷனரி ஒன்டில, ஒக்ஸ்ஃபோர்ட் அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ், லோங்மன், கேம்ப்ரிட்ஜ் எது என்டாலும், அந்தக் கருத்துக்குக் கீழ உள்ள உதாரண வசனத்த மட்டும் பாருங்க, ஒன்லைன்ல சும்மாவே கிடைக்கும், புத்தகமாத்தான் வேணும் என்டா விஹாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில இருக்கிற கொழும்பு பொது நூலகத்தில தேடிப் பாக்கலாம். அதுக்குப் பிறகு நீங்க போட நினைக்கிற சொல்ல அதே டிக்ஷனரியில திருப்பித் தேடுங்க. அதின்ட உதாரணத்தில உங்கட பக்கத்துச் சொல்லு வருதா? கொன்டக்டத் தேடினா சேர்வே வரும், இன்டர்வியூ வரும், ஷொப் வராது. வராட்டி விட்டுட்டு ரன்னையே போடுங்க. சின்னச் சொல்லு சரியான இடத்தில இருந்தா ஒருத்தரும் புள்ளி குறைக்கிறதில்ல.

காலத்தையும் பாத்துக்கொள்ளுங்க: ரன், ரேன், ரன். ஹேவ் வந்தா திரும்ப ரன்தான், ஹேவ் ரேன் இல்ல.

படி 7: ஒரு மெசேஜ் தாறன், பிரிச்சுப் பாருங்க

மனேஜர் காலையில அனுப்பினது என்டு வைங்க: "ஐம் ரன்னிங் லேட், தி ட்ரெயின்ஸ் ஆர் நொட் ரன்னிங். குட் யூ ரன் தி மீட்டிங்? ரன் தி ஃபிகர்ஸ் பை அக்கவுன்ட்ஸ் ஃபர்ஸ்ட். வீ மைட் ரன் ஓவர். அன்ட் வீ ஹேவ் ரன் அவுட் ஒஃப் மில்க்."

கீழ பாக்க முதல் ஆறையும் நீங்களே ஒருக்கா எழுதிப் பாருங்க. முதலாவது ஆகிப்போற ரன், சுணங்குது, "ஐல் பீ லேட்" என்டாலும் சரி. ரெண்டாவது சேவை, ஒப்பரேட் போகும், ஃப்ளோ போகாது. மூன்டாவது நடத்துறது, கொன்டக்ட் சரி, ஆனா மனேஜர் எழுதினதவிட விறைப்பா இருக்கும், லீட் இன்னும் நல்லம். நாலாவது பை இருக்கிறதால காட்டிக் கேக்கிறது, செக் வித். அஞ்சாவது நேரம் கடக்கிறது, ஒருத்தருக்கும் மேல வாகனம் ஏறாது. ஆறாவதுக்கு எக்ஸ்பயர் என்டு எழுதி இருந்தா, பியோன் அண்ணை கடைக்குப் போக மாட்டார், ஃப்ரிட்ஜத் திறந்து ஊத்துறதுக்குப் பால் தேடுவார்.